மலேரியா ஒழிப்பு: கேஸ் குறைந்த பிறகுதான் வேலை கஷ்டமா? வேலூர், ஆம்பூருக்கு இலங்கை சொல்லும் பாடம்

"ரெண்டு நாளா காய்ச்சல் விடவே இல்ல" என்று ஆம்பூரில் ஒருவர் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் கேட்கும் அடுத்த கேள்வி "டெங்கு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்பதாகத்தான் இருக்கும். "மலேரியாவுக்குப் பார்த்தாச்சா?" என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு.

அதில் பெரிய தப்பு இல்லை. வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்கள் மலேரியா அதிகம் உள்ள பகுதிகள் அல்ல. ஒரு காலத்தில் வீட்டுச் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போகும் மலேரியா ஊழியரையும், டிடிடி மருந்து அடிக்க வருபவரையும் பார்த்த தலைமுறைக்கு இப்போது வயதாகிவிட்டது. இன்றைய இளைஞர்களுக்கு மலேரியா என்பது பாடப்புத்தகத்தில் படித்த ஒரு நோய்.

ஆனால் மலேரியாவை ஒழிக்கும் வேலையில் இந்த 'யாரும் கேட்காத' கட்டம்தான் ஆபத்தானது என்கிறது பல நாடுகளின் அனுபவம். நோய் அதிகமாக இருக்கும்போது எல்லோரும் உஷாராக இருப்பார்கள். நோய் குறைந்ததும் டாக்டர் மறப்பார், லேப் மறக்கும், அரசு பட்ஜெட்டும் மறக்கும். கிருமி மட்டும் மறக்காது.

2027-க்குள் உள்ளூரில் பரவும் மலேரியாவே இல்லை என்ற நிலை, 2030-க்குள் மலேரியா இல்லாத நாடு. இதுதான் இந்தியாவின் இலக்கு. இந்த இலக்குக்கும் வேலூர், ஆம்பூர் தோல் தொழில் பகுதிக்கும் என்ன சம்பந்தம்? விரிவாகப் பார்க்கலாம்.

எண்கள் என்ன சொல்கின்றன?

சுதந்திரம் கிடைத்த நேரத்தில் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 7.5 கோடி பேருக்கு மலேரியா வந்தது. சுமார் 8 லட்சம் பேர் இறந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் இன்றைய நிலை பெரிய முன்னேற்றம்.

மத்திய அரசின் கணக்குப்படி 2015-ல் 11.69 லட்சம் கேஸ்கள் பதிவாகின. 2023-ல் அது 2.27 லட்சமாகக் குறைந்தது. இதே காலத்தில் பதிவான மரணங்கள் 384-லிருந்து 83 ஆனது. உலக சுகாதார நிறுவனம் மலேரியா பாதிப்பு மிக அதிகமுள்ள நாடுகளைச் சேர்த்து வைத்திருந்த சிறப்புப் பட்டியலிலிருந்து 2024-ல் இந்தியா வெளியே வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்னவை 'பதிவான' கேஸ்கள். டெஸ்ட் எடுக்காமல் போனவர்கள், தனியார் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு போனவர்கள், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டவர்கள் எல்லாம் இந்தக் கணக்கில் முழுசாக வரமாட்டார்கள். அவர்களையும் சேர்த்து உலக சுகாதார நிறுவனம் போட்ட மதிப்பீட்டின்படி, 2023-ல் இந்தியாவில் சுமார் 20 லட்சம் பேருக்கு மலேரியா வந்திருக்கலாம். சுமார் 3,500 பேர் இறந்திருக்கலாம்.

பதிவில் 2.27 லட்சம். மதிப்பீட்டில் 20 லட்சம். இந்த இடைவெளிக்குள் இருப்பவர்களைக் கண்டுபிடிப்பதுதான் இனி பாக்கி இருக்கும் வேலை.

கட்டுப்பாடு வேறு, ஒழிப்பு வேறு

இந்த இரண்டு வார்த்தைகளையும் நாம் ஒரே அர்த்தத்தில் பயன்படுத்துகிறோம். ஆனால் சுகாதாரத்துறைக்கு இரண்டும் வேறு வேறு.

நோயைக் குறைத்து, அது பெரிய பிரச்சனையாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் அது கட்டுப்பாடு. உள்ளூர் கொசு மூலம் உள்ளூர் ஆளுக்கு ஒரு கேஸ்கூட வராமல் செய்தால் அது ஒழிப்பு. தொடர்ந்து 3 ஆண்டுகள் உள்ளூர் பரவல் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து கிருமி வந்தாலும் பரவாமல் தடுக்க ஏற்பாடு இருக்கிறது என்றும் நிரூபிக்க வேண்டும். அப்போதுதான் ஒரு நாட்டுக்கு 'மலேரியா இல்லாத நாடு' என்ற சான்றிதழைத் தருகிறது உலக சுகாதார நிறுவனம்.

அதாவது, கொசுவே இல்லாத நாடாக இருக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து மலேரியாவோடு ஒருவர் வந்து இறங்கினாலும் பிரச்சனை இல்லை. அவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு.

ஒருமுறை கிட்டத்தட்ட ஜெயித்து, கோட்டை விட்ட கதை

1953-ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. வீடு வீடாக டிடிடி அடித்தார்கள். பலன் வேகமாகத் தெரியவே, 1958-ல் அதை ஒழிப்புத் திட்டமாகவே மாற்றினார்கள். 1965 வாக்கில் நாடு முழுவதும் சேர்த்தே சுமார் 1 லட்சம் கேஸ்கள் என்ற அளவுக்கு நோய் இறங்கியது. "முடிஞ்சது" என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. டிடிடிக்குக் கொசு பழகிவிட்டது. மருந்து சப்ளையில் தட்டுப்பாடு வந்தது. கண்காணிப்பு தளர்ந்தது. நகரங்களில் பரவிய மலேரியாவுக்குத் தொடக்கத்தில் போதிய கவனம் கிடைக்கவில்லை. விளைவு, 1976-ல் 64 லட்சத்துக்கும் மேற்பட்ட கேஸ்கள். பதினோரு ஆண்டுகளில் 60 மடங்குக்கும் மேல்.

அண்மை உதாரணம் ஒடிசா. எட்டாத மலைக்கிராமங்களில் முகாம் போட்டு, காய்ச்சல் இல்லாதவர்களுக்கும் டெஸ்ட் எடுத்து, கொசுவலை கொடுத்து, 2016-ல் சுமார் 4.4 லட்சமாக இருந்த கேஸ்களை 2020-ல் சுமார் 42 ஆயிரமாகக் குறைத்தார்கள். நாடே பாராட்டியது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் எண்ணிக்கை மறுபடியும் ஏறியது. மலேரியா விஷயத்தில் 'பாதி ஜெயித்தோம்' என்று சொல்லிவிட்டு உட்கார முடியாது.

இலங்கை எப்படிச் சாதித்தது?

நமக்கு மிக அருகில் இருக்கும் வெற்றிக்கதை இலங்கை. கிட்டத்தட்ட நம்மைப் போன்ற தட்பவெப்பம், நமக்குத் தெரிந்த அதே வகைக் கொசுக்கள்.

1934-35-ல் அங்கே வந்த மலேரியா கொள்ளைநோயில் சுமார் 80 ஆயிரம் பேர் இறந்தார்கள். பிறகு டிடிடி வந்தது. 1963-ல் நாடு முழுக்க வெறும் 17 கேஸ்கள். அங்கேயும் அதே தவறு நடந்தது. கண்காணிப்பைத் தளர்த்தினார்கள். 1969-ல் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மலேரியா.

இரண்டாவது முறை அந்தத் தவறைச் செய்யவில்லை. நடமாடும் மலேரியா கிளினிக்குகள் கிராமங்களுக்கும், வேலை நடக்கும் இடங்களுக்கும் போயின. காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திருக்காமல், ரிஸ்க் உள்ளவர்களைத் தேடிப் போய் ரத்தம் எடுத்தார்கள். போர் நடந்த வடக்கு, கிழக்குப் பகுதிகளிலும் கொசுவலையும் மருந்தும் போய்ச் சேர வழி செய்தார்கள். 2012 அக்டோபரில் கடைசி உள்ளூர் கேஸ். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ்.

கதை இதோடு முடியவில்லை. வேலூர், ஆம்பூர் பகுதிக்கு நேரடியாகப் பொருந்தும் பாடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது.

மொனராகலையில் என்ன நடந்தது?

2018 டிசம்பர். இலங்கையின் மொனராகலை மாவட்டம். வெளிநாட்டுக்கே போகாத ஒரு இலங்கைக்காரருக்கு மலேரியா உறுதியானது. மலேரியா ஒழிந்த நாட்டில் உள்ளூரிலேயே தொற்றிய முதல் கேஸ்.

விசாரித்ததில் காரணம் தெரிந்தது. அவர் இருந்த அதே பணியிடத்தில் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் ஒருவருக்கு ஏற்கனவே மலேரியா உறுதியாகியிருந்தது. அவரைக் கடித்த உள்ளூர் கொசு, பக்கத்தில் இருந்தவரையும் கடித்திருக்கிறது.

இலங்கை என்ன செய்தது? தொழிலாளர்களை விரட்டவில்லை. சுற்றுப்பகுதி முழுக்க ரத்தப் பரிசோதனை செய்தது, கொசு உற்பத்தி இடங்களைத் தேடியது, மருந்து அடித்தது, காய்ச்சல் வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தது. அந்தப் பரவல் அதோடு நின்றது.

ஒரு தொழிலிடம், வெளியூர்த் தொழிலாளர்கள், உள்ளூர் கொசு. இந்த மூன்றும் வேலூர், ஆம்பூர் பகுதியிலும் இருக்கின்றன.

தோல் தொழில் பகுதியில் என்ன ரிஸ்க்?

முதலில் ஆட்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என நீளும் இந்தப் பகுதியில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் ஷூ கம்பெனிகளும் வரிசையாக இருக்கின்றன. ஷூ கம்பெனி பஸ்களில் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். அவர்களோடு வட மாநிலங்கள், கிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் வேலை செய்கிறார்கள். ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், மேற்கு வங்கம் ஆகியவை நாட்டின் மலேரியா கேஸ்களில் பெரும் பங்கைக் கொண்ட மாநிலங்கள்.

வேலூருக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. சிஎம்சி மருத்துவமனைக்காக மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் வரை பல இடங்களிலிருந்து நோயாளிகள் குடும்பத்தோடு வருகிறார்கள். காட்பாடியில் இறங்கி, ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். வருபவருக்கு இதயப் பிரச்சனை இருக்கலாம், கூட வந்த தம்பிக்கு உடம்பில் மலேரியா கிருமி இருக்கலாம். அவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம்.

அடுத்து கொசு. நகர மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி என்ற கொசுதான் சென்னையில் பல ஆண்டுகளாக மலேரியா நீடிக்கக் காரணம். தமிழ்நாட்டு கேஸ்களில் நெடுங்காலமாகப் பெரும்பங்கு சென்னையுடையது. மாடித் தொட்டி, சம்ப், கிணறு, டிரம் ஆகியவற்றில் இருக்கும் நல்ல தண்ணீரில் இது முட்டையிடும். மூடாத தொட்டி சென்னையில் இருந்தாலும் வேலூரில் இருந்தாலும் இதற்கு ஒன்றுதான்.

இந்தக் கொசு எவ்வளவு வேகமாக வேலையைக் காட்டும் என்பதற்கு ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி சாட்சி. 2012-ல் அங்கே 27 மலேரியா கேஸ்கள். அந்த ஆண்டுதான் ஸ்டீபன்சி அங்கே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 2020-ல் கேஸ்கள் 73 ஆயிரத்தைத் தாண்டின. இலங்கையின் மன்னார் பகுதியிலும் இந்தக் கொசு கண்டறியப்பட்டதால் அந்நாட்டு அதிகாரிகள் உஷாராகவே இருக்கிறார்கள்.

தோல் கழிவுநீரா காரணம்?

இந்தச் சந்தேகம் பலருக்கும் வரும். நேரடியான பதில்: இல்லை. சாக்கடையிலும் கழிவுநீரிலும் பெருகுவது பெரும்பாலும் கியூலெக்ஸ் வகை. அது யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு. மலேரியா கொசுவுக்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும்.

ஆனால் மறைமுகத் தொடர்பைத் தள்ளிவிட முடியாது. பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைத் தோல் கழிவுகள் எப்படிப் பாழாக்கின என்பது 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த வேலூர் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. 2025 ஜனவரியிலும் இதே பிரச்சனையில் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க முடியாத இடத்தில் என்ன நடக்கும்? குழாயில் வரும் தண்ணீரைப் பிடித்து வைப்பார்கள். தினமும் வராவிட்டால் டிரம்மிலும் சம்ப்பிலும் நாள்கணக்கில் சேமிப்பார்கள். யாரும் எடுக்காத பழைய கிணறு அப்படியே கிடக்கும். இதெல்லாம் மலேரியா கொசுவுக்கும் வசதி, டெங்கு கொசுவுக்கும் வசதி.

அதனால் இந்தப் பகுதியில் மலேரியா ஒழிப்பைக் கொசு மருந்து விஷயமாக மட்டும் பார்க்க முடியாது. ஒழுங்காகக் குடிநீர் கொடுப்பதும் அதில் ஒரு பகுதி.

பாதியில் நிற்கும் 14 நாள் மாத்திரை

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். தோல் ஷாப்பில் தினக்கூலிக்கு வேலை செய்யும் வெளிமாநில இளைஞர். குளிர், நடுக்கம், காய்ச்சல். லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. மொழியும் சரியாகத் தெரியாது. பக்கத்து மெடிக்கலில் ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஷிஃப்ட்டுக்குப் போகிறார். காய்ச்சல் தணிகிறது. ஆனால் கிருமி போகவில்லை.

நகரங்களில் அதிகம் காணப்படும் விவாக்ஸ் வகை மலேரியாவில் ஒரு தந்திரம் உண்டு. ரத்தத்தில் இருக்கும் கிருமியைக் குளோரோகுயின் 3 நாளில் அடக்கிவிடும். ஆனால் ஒரு பகுதி கிருமி கல்லீரலுக்குள் போய்த் தூங்கும். வாரங்களோ மாதங்களோ கழித்து எழுந்து மறுபடியும் காய்ச்சலைக் கொடுக்கும். புதிதாகக் கொசு கடித்திருக்கவே வேண்டாம். அந்தத் தூங்கும் கிருமியைக் கொல்லத்தான் ப்ரைமாகுயின் மாத்திரையை 14 நாள் தொடர்ந்து கொடுக்கிறார்கள்.

மூணாவது நாளே உடம்பு சரியானவர் பதினாலாவது நாள்வரை மாத்திரை போடுவாரா? இதுதான் ஒழிப்புத் திட்டத்தின் பலவீனமான கண்ணி. காசநோய்க்குச் செய்வதுபோல யாராவது தினமும் ஒரு போன் போட்டுக் கேட்டாலே பெரிய உதவி.

இதில் எச்சரிக்கையும் தேவை. கர்ப்பிணிகளுக்கும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் ப்ரைமாகுயின் கொடுப்பதில்லை. ஜி6பிடி என்ற நொதி குறைபாடு உள்ளவர்களுக்கு இது ரத்த அணுக்களை உடைத்துவிடும். சிறுநீர் கறுத்துப் போனால் உடனே மாத்திரையை நிறுத்தி டாக்டரைப் பார்க்க வேண்டும். அதனால்தான் இதை மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடக்கூடாது.

சீனாவின் '1-3-7' கணக்கு

2021-ல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் பெற்ற சீனா, ஒரு எளிய கணக்கை வைத்திருந்தது.

1 நாளுக்குள்: மலேரியா உறுதியானால் அரசு மருத்துவமனையோ தனியாரோ, அரசுக்குத் தகவல் போக வேண்டும்.

3 நாளுக்குள்: நோயாளி எங்கிருந்து வந்தார், கிருமி உள்ளூரில் தொற்றியதா வெளியூரிலா என்று விசாரித்து முடிக்க வேண்டும்.

7 நாளுக்குள்: சுற்றுப்பகுதியில் பரிசோதனையும் கொசு ஒழிப்பும் நடந்திருக்க வேண்டும்.

ஏன் இந்த அவசரம்? நோயாளியைக் கடித்த கொசுவின் உடம்பில் கிருமி வளர்ந்து அடுத்தவருக்குத் தொற்றும் நிலைக்கு வர, பொதுவாக 10 நாளிலிருந்து 2 வாரம் ஆகும். அதற்குள் போய்ச் சேர்ந்தால் சங்கிலி அறுந்துவிடும். மூணு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தால் அதற்குள் அடுத்த வீட்டுக்குப் போயிருக்கும்.

தடுப்பூசி வந்துவிட்டதே?

வந்திருக்கிறது. 2021-ல் ஒன்று, 2023-ல் இன்னொன்று என 2 தடுப்பூசிகளை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. இரண்டாவதைத் தயாரிப்பது புனேவில் உள்ள சீரம் நிறுவனம். ஆனால் இரண்டுமே ஃபால்சிபாரம் என்ற வகைக்கு எதிரானவை. மலேரியா அதிகமுள்ள ஆப்பிரிக்க நாடுகளின் குழந்தைகளைக் காப்பாற்றத்தான் அவை இப்போது முக்கியமாகப் பயன்படுகின்றன. நகரங்களின் விவாக்ஸ் மலேரியாவை அவை தடுக்காது. எனவே நமக்கு இப்போதைக்கு டெஸ்ட், மாத்திரை, மூடிய தொட்டி இந்த மூன்றும்தான் ஆயுதம்.

யார் என்ன செய்யலாம்?

சுகாதாரத்துறை: தொழிலாளர் குடியிருப்புகளுக்கும், மருத்துவமனை சுற்றியுள்ள லாட்ஜ்களுக்கும் காய்ச்சல் முகாமை நேரடியாகக் கொண்டுபோகலாம். ஷிஃப்ட் முடிந்த பிறகு, இந்தியும் வங்காளமும் தெரிந்த ஒருவரோடு போனால்தான் பலன். பகலில் பூட்டிக் கிடக்கும் ரூமைத் தட்டிப் பயனில்லை.

கம்பெனிகள்: ஊருக்குப் போய்த் திரும்பும் தொழிலாளருக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, மலேரியா என்று உறுதியானால் சம்பளம் பிடிக்காத லீவு. "லீவு போட்டா காசு போகும்" என்ற பயம் இருக்கும்வரை யாரும் காய்ச்சலை வெளியே சொல்லமாட்டார்கள்.

தனியார் டாக்டர்கள், லேப்கள்: காய்ச்சல் என்றால் டெங்கு, டைபாய்டோடு சேர்த்து மலேரியாவுக்கும் பார்ப்பது, பாசிட்டிவ் என்றால் அன்றே சுகாதாரத்துறைக்குச் சொல்வது.

உள்ளாட்சி: கைவிட்ட கிணறுகளில் கம்பூசியா மீன் விடுவது அல்லது மூடுவது, டிபிசி பணியாளர்கள் மாடி ஏறித் தொட்டியைப் பார்க்கிறார்களா என்று உறுதி செய்வது.

வீட்டில் நாம்: வாரம் ஒருமுறை தொட்டியையும் டிரம்மையும் காலி செய்து தேய்த்துக் கழுவுவது, மூடியில் இடைவெளி இல்லாமல் பார்ப்பது, அபேட் மருந்து ஊற்ற வரும் பணியாளரைக் கதவடைத்து அனுப்பாமல் இருப்பது. மலேரியா கொசு இரவில் கடிக்கும் என்பதால் தூங்கும்போது கொசுவலை. காய்ச்சல் வந்தால் அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மலேரியா பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

பழி போடுவது ஏன் உதவாது?

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்போ வெளியூர்க்காரங்களாலதான் பிரச்சனை" என்று யாராவது முடிவு கட்டினால், அது நோய்க்குத்தான் வசதி. சந்தேகமாகப் பார்ப்பார்கள், வேலை போய்விடும் என்று தெரிந்தால் காய்ச்சல் வந்தவர் மறைப்பார். மறைத்த காய்ச்சல்தான் பரவும். மொனராகலைக்கு மலேரியாவோடு போனது நம் நாட்டுத் தொழிலாளர்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போகும் நம் ஊர்க்காரர்களும் அங்கே வெளியூர்க்காரர்கள்தான்.

தோல் ஷாப் ரூமில் காய்ச்சலோடு படுத்திருக்கும் இளைஞருக்கு யாராவது ரத்தம் எடுத்து, 14 நாள் மாத்திரையை முடிக்க வைத்தால் அவருக்கும் நல்லது, பக்கத்துத் தெருவில் இருக்கும் குழந்தைக்கும் நல்லது. 2027 இலக்கு ஜெயிக்குமா என்பது டெல்லியில் போடும் திட்டத்தைப் பொறுத்தது மட்டுமல்ல. "காய்ச்சலா? மலேரியாவுக்கும் பார்த்தாச்சா?" என்று ஆம்பூரில் ஒருவர் கேட்பதையும் பொறுத்தது.